பழைய அரங்கமும் புதிய கோபுரமும்
(மிலான் நகரத்து லா ஸ்காலா அரங்கம் தரும் பாடம்)

முன்னுரை

ஒரு நாள் வரலாற்று வகுப்பில் பழைய கட்டடங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, "இவ்வளவு செலவு செய்து பழையதைப் பழுது பார்ப்பதைவிட, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டிவிடலாமே, டீச்சர்?" என்று கேட்டாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. ஆனால் அது சிரிப்பதற்குரிய கேள்வி அன்று. நகராட்சி மன்றங்களும் கட்டடக் கலைஞர்களும் நீதிமன்றங்களும் இன்றுவரை விவாதித்து வரும் கேள்வி அது. அன்று மணி அடித்துவிட்டதால் விடை கூற இயலவில்லை. அந்த விடையையே இங்கு ஒரு பாடமாக எழுதுகிறேன்.

விடை காண நாம் இத்தாலி நாட்டு மிலான் நகருக்குச் செல்வோம். தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பிறந்த காஸ்திகிளியோன் என்னும் ஊர் அடங்கிய லொம்பார்தியா மாநிலத்தின் தலைநகரே மிலான். ஆகவே நமக்கு அது முற்றிலும் அந்நியமான இடமன்று.

கோவில் இருந்த இடத்தில் அரங்கம்

14-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மிலானை ஆண்டவர்களுள் ஒருவரான பெர்னபோ விஸ்கோந்தியின் மனைவி ரெஜினா தெல்லா ஸ்காலா. அவர் அன்னை மரியாள் பெயரால் ஒரு கோவிலைக் கட்டுவித்தார். அவருடைய குடும்பப் பெயரால் அக்கோவில் 'சாந்தா மரியா அல்லா ஸ்காலா' என்று வழங்கிற்று. 'ஸ்காலா' என்னும் சொல்லுக்கு ஏணி, படிக்கட்டு என்று பொருள்.

18-ஆம் நூற்றாண்டில் மிலான் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசாவின் ஆட்சியில் இருந்தது. அரண்மனையை ஒட்டியிருந்த நகர அரங்கம் 1776 பிப்ரவரி 25-ஆம் நாள் தீயில் எரிந்து போயிற்று. அந்நாளில் அரங்கங்கள் உள்ளே பெரும்பாலும் மரத்தாலானவை. வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கும் மெழுகுவர்த்தியுமே இருந்தன. மரமும் துணியும் நெருப்பும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தால் என்ன நேரும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

புதிய அரங்கம் கட்ட இடம் தேவைப்பட்டது. பேரரசியின் இசைவுடன் ரெஜினாவின் பழைய கோவில் இடிக்கப்பட்டது. ஜுசெப்பே பியெர்மரீனி என்னும் கட்டடக் கலைஞர் இரண்டே ஆண்டுகளில் அரங்கத்தைக் கட்டி முடித்தார். 1778 ஆகஸ்ட் 3-ஆம் நாள் அன்டோனியோ சாலியெரி இசையமைத்த 'எவுரோப்பா ரிகொனொஷூத்தா' என்ற இசை நாடகத்துடன் அது திறக்கப்பட்டது. கோவில் மறைந்தது, அதன் பெயர் மட்டும் அரங்கத்துக்கு நிலைத்தது.

இங்கே சற்று நின்று சிந்தியுங்கள். இன்று நாம் "பழமை, பழமை" என்று போற்றும் அந்த அரங்கமே, தன்னைவிடப் பழமையான ஒன்றை அழித்து எழுந்ததுதான்! பழமையைப் பற்றிய பேச்சில் யாருடைய கையும் முழுத் தூய்மை உடையதன்று என்பதை முதற்கண் உணர்ந்தால், நம் தீர்ப்புகளில் சற்றுப் பணிவு ஏற்படும்.

அரங்கத்தின் அமைப்பு

இசை நாடகம் என்பது வசனத்துக்குப் பதிலாகப் பாடல்களாலேயே கதை நடத்தப்படுவது. ஒலிபெருக்கியின் துணையின்றி, நூறு பேர் வாசிக்கும் வாத்தியங்களையும் தாண்டி, ஒரு பெண்ணின் குரல் மேல்மாடியில் கடைசியாக நிற்பவருடைய செவிக்கும் எட்ட வேண்டும். ஆகவே அரங்கமும் ஒரு வாத்தியமே என்றால் மிகையாகாது. வீணையின் குடத்தை விருப்பம்போல் மாற்ற முடியுமா? அரங்கமும் அப்படித்தான்.

லா ஸ்காலாவின் உட்பகுதி குதிரை லாட வடிவமுடையது. நடுவே தரைத்தள இருக்கைகள். அவற்றைச் சுற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு அடுக்குகளில் 'பாக்ஸ்' எனப்படும் தனியறைகள். அவற்றுக்கும் மேலே இரண்டு காலரிகள். பாக்ஸ்களை நகரத்துச் செல்வக் குடும்பங்கள் விலைக்கு வாங்கின. அந்தப் பணத்தைக் கொண்டே அரங்கம் கட்டப்பட்டது. காலரியிலோ குறைந்த கட்டணத்தில் இசைப் பித்தர்கள் கூடினர். இன்றும் பாடகர்கள் அஞ்சுவது பாக்ஸ்களில் இருப்போரை அன்று, காலரியில் இருப்போரைத்தான்!

முகப்பு அவ்வளவு ஆடம்பரமானதன்று என்று நினைப்பவர்கள் உண்டு. அதற்குக் காரணம் இருக்கிறது. முதலில் அது குறுகிய தெருவைப் பார்த்து நின்றது. எதிரே இருந்த வீடுகள் நீக்கப்பட்டுச் சதுக்கம் உண்டானது 1858-இல்தான்.

மாறிக்கொண்டே வந்த கட்டடம்

பழைய கட்டடம் என்றால் அது பிறந்த நாளிலிருந்து அப்படியே நின்றது என்று எண்ணுகிறோம். இது தவறு. லா ஸ்காலா காலந்தோறும் மாறியது. எண்ணெய் விளக்கு போய், 1883-இல் மின்விளக்கு வந்தது. முன்பு மக்களோடு ஒரே மட்டத்தில் அமர்ந்திருந்த வாத்தியக் குழுவினருக்கு 1907-இல் மேடையின் முன்னே பள்ளம் அமைக்கப்பட்டது. 1930-களில் மேடையின் தளத்தைப் பகுதி பகுதியாக உயர்த்தவும் தாழ்த்தவும் இயந்திரங்கள் அமைந்தன.

பின்னர் இரண்டாம் உலகப் போர் வந்தது. 1943 ஆகஸ்டில் நடந்த குண்டு வீச்சில் அரங்கத்தின் கூரை இடிந்து விழுந்தது. காலரிகளும் பாக்ஸ்களும் சிதைந்தன. போர் முடிந்தபோது மிலானில் வீடிழந்தோர் பலர், உணவுக்கும் தட்டுப்பாடு. ஆயினும் நகரத்தார் அரங்கத்தை விரைந்து எழுப்பினர். 1946 மே 11-ஆம் நாள் அது மீண்டும் திறக்கப்பட்டது. பாசிச ஆட்சியை எதிர்த்து நாட்டை விட்டுச் சென்றிருந்த ஆர்துரோ தோஸ்கனீனி அமெரிக்காவிலிருந்து திரும்பி வந்து அந்த இசை நிகழ்ச்சியை நடத்தினார். அன்று பாடியவர்களுள் 24 வயதே ஆன ரெனாத்தா தெபால்தியும் ஒருவர். பின்னாளில் உலகப் புகழ் பெற்றார்.

உண்ண உணவில்லாத காலத்தில் பாட்டுக்கு ஒரு கட்டடமா என்று கேட்கலாம். வீடு இடிந்தவர்களுக்கு வீடு வேண்டும்; நகரமே இடிந்தவர்களுக்கு, "நாம் இன்னும் ஒரே ஊரார்தாம்" என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம் வேண்டும். மிலான் மக்களுக்கு அந்த இடம் லா ஸ்காலாவாக இருந்தது.

ஏன் மீண்டும் புதுப்பிக்க வேண்டியதாயிற்று?

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் புதிய சிக்கல் எழுந்தது. பார்வையாளர் கண்ணுக்கு அரங்கம் அழகாகவே இருந்தது. சிக்கல் திரைக்குப் பின்னால் இருந்தது.

நம் நாடகக் கம்பெனிகள் வரைந்த படுதாக்களைச் சுருட்டி மேலே இழுத்துக் காட்சி மாற்றியதைப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மேலைநாட்டு அரங்கங்களிலும் முறை அதுவே; ஆனால் சுருட்டாமல் முழுக் காட்சியையும் அப்படியே மேலே தூக்கிவிடுவார்கள். அதற்கு மேடையின் மேலே உயர்ந்த கோபுரம் தேவை. அக்கோபுரம் மேடை வாயிலின் உயரத்தைப்போல் இரு மடங்குக்கும் மேல் இருந்தால்தான், தூக்கிய காட்சி பார்வையாளர் கண்ணுக்கு மறையும். கயிறு, கப்பி, எதிர் எடை ஆகியவற்றால் இது இயங்கும்.

ஒரே வாரத்தில் மூன்று வெவ்வேறு நாடகங்களை மாற்றி மாற்றி நடத்தும் அரங்கத்தில், ஒன்றின் காட்சிகளை நீக்கி மற்றொன்றை நிறுத்த விரைவும் இடமும் தேவை. லா ஸ்காலாவில் இரண்டும் போதவில்லை. பழைய இயந்திரங்கள் தேய்ந்துவிட்டன. தீப் பாதுகாப்பும் மின் இணைப்புகளும் புதிய விதிகளுக்கு ஒத்துவரவில்லை. ஒத்திகைக்கும் உடை மாற்றுவதற்கும் போதிய அறைகள் இல்லை. திரையின் முன்னே 2,000 பேர் பட்டு நாற்காலியில் அமர்ந்திருக்க, திரையின் பின்னே தொழிலாளர்கள் நெருக்கடியிலும் ஆபத்திலும் உழைத்தனர்.

2002 – 2004: மூன்று ஆண்டுப் பணி

2002-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லா ஸ்காலா மூடப்பட்டது. ஆனால் பாட்டு நிற்கவில்லை. ஒரு காலத்தில் தொழிற்சாலைகள் நிறைந்திருந்த பிகோக்கா என்னும் புறநகர்ப் பகுதியில், வித்தோரியோ கிரெகோத்தி வரைந்த ஆர்ச்சிம்போல்தி அரங்கம் 2002 ஜனவரியில் திறக்கப்பட்டது. பாடகர், வாத்தியக் குழுவினர், தையற்காரர், தச்சர் என எல்லாரும் பணி முடியும் வரை வேலை இழக்காமல் அங்கே தொடர்ந்தனர். கட்டடத்தைக் காப்பாற்றும் நாளில் அதில் உழைப்போரையும் காப்பாற்ற வேண்டும் என்னும் உண்மையை இதனால் அறிகிறோம்.

பணி இரு கூறாகப் பிரிக்கப்பட்டது.

1. பழமையைப் பேணும் பணி: முகப்பு, கூடங்கள், பார்வையாளர் பகுதி ஆகியவற்றைச் சீரமைக்கும் பொறுப்பை எலிசபெத்தா ஃபாப்ரி என்னும் பெண் கட்டடக் கலைஞர் ஏற்றார். மாணவிகளே, இப்பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள்! இங்கே வேலை என்பது சேர்ப்பதைவிட நீக்குவதாகவே இருந்தது. பிற்காலத்தில் ஒட்டிய தரைவிரிப்புகளையும் லினோலியத்தையும் நீக்கியபோது, பாக்ஸ்களில் பழைய சுட்ட களிமண் ஓட்டுத் தரை வெளிப்பட்டது. மெத்தென்ற விரிப்பு காலுக்கு இதம். ஆனால் அது ஒலியை விழுங்கிவிடும். பார்சலோனாவைச் சேர்ந்த ஒலியியல் அறிஞர் ஹிகினி அராவ் அறிவுரையின்படி தரைத்தளத்திலும் விரிப்பு நீக்கப்பட்டு மரத்தளம் இடப்பட்டது. இருக்கைதோறும் பாடலின் பொருளைக் காட்டும் சிறு திரைகளும் பொருத்தப்பட்டன. பழமையைப் பேணுவது புதுமையை விலக்குவதன்று என்பதற்கு இது சிறு சான்று.

2. விரிவாக்கும் பணி: மேடைப் பகுதியைச் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மாரியோ பொத்தா வரைந்தார். பழைய மேடைக்கட்டு இடிக்கப்பட்டு, நவீன இயந்திரங்களுடன் புதிய மேடையும் அதன்மேல் பெட்டி வடிவில் உயர்ந்த கோபுரமும் எழுந்தன. பக்கத்தில், உடை மாற்றும் அறைகள் முதலிய பணிப் பகுதிகளுக்காக நீள்வட்ட வடிவில் மற்றொரு கட்டடமும் எழுந்தது. இவை முகப்பிலிருந்து பின்வாங்கி, பழைய கூரைகளுக்குப் பின்னே நிற்கின்றன. பியெர்மரீனியின் தூண்களைப்போலப் போலித் தூண்கள் வைத்து அலங்கரிக்காமல், "நான் இந்தக் காலத்தவன்" என்று வெளிப்படையாகச் சொல்லும் எளிய கல் வடிவங்கள் அவை.

எதிர்ப்பும் அதன் நியாயமும்

மேடைப் பகுதி இடிக்கப்பட்டு வெறுமையாக நின்ற காட்சியைக் கண்டு நகரத்தார் பலர் மனம் கொதித்தனர். "சீரமைப்பு என்றீர்கள், இடிக்கிறீர்களே!" என்று கேட்டனர். 1930-களின் மேடை இயந்திரங்கள் மறைந்தன. சிறிய இசை நாடகங்களுக்கென 1955-இல் திறக்கப்பட்ட 'பிக்கோலா ஸ்காலா' என்னும் சிற்றரங்கமும் இப்பணியில் மறைந்தது. புதிய கோபுரம் பழைய வானத்தைக் கெடுக்கிறது என்றனர் சிலர். எல்லாவற்றுக்கும் மேலாக, அரங்கத்தின் குரல் போய்விடுமோ என்ற அச்சம் இருந்தது. ஓவியம் கெட்டால் கண்ணால் காணலாம். ஒலி கெட்டால் முதல் நாள் திரை விலகும் வரை தெரியாது. தெரிந்த பின் திருத்துவதும் அரிது.

இந்த எதிர்ப்பை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. பார்வையாளரின் அரங்கம் ஓட்டுத் தரை வரை பேணப்பட்டது. தொழிலாளியின் அரங்கமோ அடியோடு மாற்றப்பட்டது. மக்கள் கண்ணில் படாதவற்றுக்கும் வரலாறு உண்டல்லவா? கயிறும் கப்பியும் இயந்திரமும் தலைமுறை தலைமுறையாகக் கைத்தொழிலாளர் கண்ட அறிவின் சின்னங்கள். அவற்றுள் போனவை மீண்டும் வாரா.

ஆனால் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஆபத்தான பழைய மேடையில் உழைத்தவரும் அதே தொழிலாளர்தாம். ஓர் இயந்திரத்தின் பழமைக்காக ஒருவருடைய உயிரைப் பணயம் வைக்கலாகாது. மேலும், காட்சிகளை மாற்ற இயலாத அரங்கம் நாளடைவில் ஆண்டுக்குச் சில நாடகங்களே நடத்தும் காட்சிப் பொருளாகிவிடும். உயிர் போன பின் உடலை அலங்கரிப்பதால் பயன் என்ன?

எனவே என் கருத்து இது: கோபுரத்தை உயர்த்தியதும் மேடையை மாற்றியதும் தவிர்க்க முடியாதவை. ஆனால் பழைய இயந்திரங்களும் சிற்றரங்கமும் போனது உண்மையான இழப்பே. "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்லி அந்த இழப்பை மறைப்பது நேர்மையாகாது. கொடுத்த விலையை அறிந்தவர்தாம் வாங்கிய பொருளின் அருமையை அறிவர்.

மீண்டும் திறந்த நாள்

மிலான் நகரின் பாதுகாவலர் புனித அம்புரோஸ். 4-ஆம் நூற்றாண்டில் அந்நகரின் ஆயராக இருந்தவர். புனித அகுஸ்தினாருக்குத் திருமுழுக்கு அளித்தவர். தாமே திருப்பாடல்கள் இயற்றி, இறைமக்களைப் பாடச் செய்தவர். அவருடைய திருநாளாகிய டிசம்பர் 7-இல் லா ஸ்காலாவின் பருவம் தொடங்குவது 1951 முதல் வழக்கமாக உள்ளது.

2004 டிசம்பர் 7 அன்று அரங்கம் மீண்டும் திறந்தது. அன்று ரிக்கார்தோ மூத்தி நடத்திய நாடகம் எது தெரியுமா? 1778-இல் முதல் நாளன்று ஒலித்த அதே சாலியெரியின் 'எவுரோப்பா ரிகொனொஷூத்தா'! அதன்பின் 226 ஆண்டுகளாக அந்த மேடையில் ஒலிக்காத இசை அது. புதிய மேடையில் பழைய பாட்டு ஒலித்தது.

கதை அத்துடன் முடியவில்லை. பின்னர் வெர்தி வீதிப் பக்கத்தில், பொத்தாவும் எமீலியோ பிட்சியும் வரைந்த மற்றொரு கட்டடத்தின் பணி 2019-இல் தொடங்கிற்று. பூமிக்கடியில் பல தளங்கள் தோண்டி, வாத்தியக் குழுவினர் ஒத்திகை பார்க்கக் கூடமும், மேல்தளத்தில் நடனப் பயிற்சிக் கூடமும் அமைத்தனர். மரத்துக்கு ஆண்டுதோறும் வளையம் சேர்வதுபோல அரங்கத்துக்கும் ஒவ்வொரு தலைமுறையும் ஒரு வளையத்தைச் சேர்க்கிறது.

நாம் கற்கும் பாடங்கள்

அ. பழைய பொருள் ஒன்றைத் தொடுமுன் அதன் ஒவ்வோர் உறுப்பும் என்ன வேலை செய்கிறது என்று அறிதல் வேண்டும். அழகுக்கென்று இட்ட விரிப்பு குரலை விழுங்கியது என்பதை நினைவில் கொள்க.

ஆ. நீக்குமுன் படம் எடுத்து, அளந்து, எழுதி வைத்தல் வேண்டும். இடித்த பின் அளக்க முடியாது.

இ. புதியதைப் பழையதுபோல் வேடமிட்டுக் காட்ட வேண்டியதில்லை. மரியாதையுடன் சற்றுப் பின்னே நின்றால் போதும்.

ஈ. கட்டடம் மனிதருக்காக. அதில் உழைப்போரின் பாதுகாப்பும் பிழைப்பும் கணக்கில் முதலில் வர வேண்டும்.

உ. எதிர்ப்பவர்களைப் பகைவராக எண்ணலாகாது. பல நேரங்களில் அவர்களே அந்தப் பொருளை மிகுதியாக நேசிப்பவர்கள்.

முடிவுரை

இனி, கடைசி வரிசை மாணவியின் கேள்விக்கு வருவோம். "இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் என்ன?" மகளே, சில நேரங்களில் இடிக்கத்தான் வேண்டும். மிலானிலும் இடித்தார்கள். ஆனால் எதை இடிப்பது, எதை வைப்பது என்று தெரிந்துகொள்ள அவர்களுக்குப் பல ஆண்டுகள் ஆயின, சண்டையும் வந்தது. இடிக்க ஒரு நாள் போதும். இடிக்கலாமா என்று அறியவே நெடுங்காலம் வேண்டும். அந்த நெடுங்காலச் சிந்தனைக்குத்தான் நாம் 'பழமையைப் பேணல்' என்று பெயரிடுகிறோம்.

உங்கள் வீட்டில் பாட்டியின் மரப்பெட்டி இருக்கலாம். ஊரில் பழைய சத்திரமோ கோவிலோ நூலகமோ இருக்கலாம். நாளை அதைப் பற்றி முடிவு செய்யும் இடத்தில் நீங்கள் அமர்வீர்கள். அன்று "பழையது" என்ற ஒரு காரணத்துக்காக அதை எறிந்துவிடாதீர்கள். அதே ஒரு காரணத்துக்காக அதைக் கட்டியழவும் வேண்டாம். அருகில் சென்று, விரிப்பைச் சற்றே தூக்கி, அடியில் என்ன தரை இருக்கிறது என்று பாருங்கள்.

சிந்தனை வினாக்கள்

1. லா ஸ்காலா என்னும் பெயர் எவ்வாறு வந்தது?
2. மேடையின்மேல் கோபுரம் உயர்ந்திருக்க வேண்டிய காரணம் யாது?
3. தரைவிரிப்பை நீக்கியதால் விளைந்த நன்மைகள் இரண்டினைக் கூறுக.
4. 1946-இல் அரங்கத்தை விரைந்து எழுப்பியது சரியா? உன் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.
5. உன் ஊரிலுள்ள பழைய கட்டடம் ஒன்றைப் பார்த்து, அதில் காக்க வேண்டியவை எவை, மாற்ற வேண்டியவை எவை என இரு பட்டியல் எழுதிப் பெற்றோரிடம் காட்டுக.